பாட்டைக் குறைத்தவர்: பம்மல் சம்பந்த முதலியார்

மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்குப் பம்மல் சம்பந்த முதலியாரைப் பற்றி எழுதித் தருவதாக நான் கூறியபோது, அன்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே ஒரு வினா எழுப்பினார். பாட்டே நாடகமாக இருந்த காலத்தில் பாட்டைக் குறைத்து வசனத்தை மேடையேற்றியவர் அல்லவா அவர். கவிஞர்கள் கூடி வெளியிடும் மலரில் அவருக்கு என்ன வேலை என்றார். வினா நியாயமானதுதான். அதற்கு அப்போது என்னால் விடை சொல்ல இயலவில்லை. அவருடைய வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே போனால் விடை கிடைக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன்.

சம்பந்த முதலியார் 1873ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் சென்னை ஆச்சாரப்பன் தெருவில் பிறந்தார். பல்லாவரத்தை அடுத்த பம்மல் அவருடைய முன்னோர் ஊர். தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித்துறையில் பணியாற்றியவர். தமிழ் நூல்களை அச்சிட்டு வெளியிட்டவர். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. தமிழ்ச் சுவடிகளோடு ஆங்கில நூல்களும் சிறுவனின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. 

தமிழ் நாடகத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட இவருக்கு இளமையில் தமிழ் நாடகம் என்றாலே வெறுப்பு. அதைக் காணவும் அவர் விரும்பியதில்லை. அக்காலத்து மேடையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். இரவு தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நீளும். ஒவ்வொரு பாத்திரமும் தன்னைப் பற்றித் தானே பாடிக்கொண்டு வரும். இடையிடையே வரும் பேச்சு நடிகனுக்கு அன்றைக்கு வாயில் வந்தது. ஆடுகிறவனுக்குக் கூத்தாடி என்று பெயர். அந்தச் சொல்லில் இருந்த இளக்காரம் நம் தலைமுறை வரையிலும் முற்றாக மறையவில்லை. படித்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே குறையாகக் கருதப்பட்ட காலம் அது.

அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது தமிழ் நாடகம் அன்று, தெலுங்கு நாடகம். 1891ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியாரின் சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து நாடகங்கள் ஆடினர். கிருஷ்ணமாச்சாரியார் ஒரு வழக்கறிஞர். உடன் நடித்தவர்களும் கற்றவர்கள். வயிற்றுப்பாட்டுக்காக மேடை ஏறாதவர்கள். பதினெட்டு வயது இளைஞர் அரங்கில் அமர்ந்து அதைக் கண்டார். தமிழிலும் இதைச் செய்தால் என்ன என்ற எண்ணம் அங்கேயே பிறந்தது. தமிழ் நாடகத்தின் மறுமலர்ச்சிக்கு ஒரு பல்லாரிக்காரர் வித்திட்டார் என்பதை நாம் மனமுவந்து ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பந்த முதலியார் வாழ்நாள் முழுவதும் அதை ஒப்புக்கொண்டவர்.

அதே 1891ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், நண்பர் சிலருடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சபையில் சேர்கிறவர்கள் சந்தா கொடுத்து நடிப்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு நடிக்க மாட்டார்கள். பாடம் நெட்டுருவாக வேண்டும். ஒத்திகைக்கு வர வேண்டும். எழுதியதைத்தான் பேச வேண்டும். இன்று இவை சாதாரணமாகத் தோன்றலாம். எழுதியதைத்தான் பேச வேண்டும் என்ற ஒரு விதிக்காக மட்டுமே எழுத்தாளராகிய நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். பின்னாளில் நாடறிந்த பெருமக்கள் பலர் அந்தச் சபையில் இருந்தனர். தேசியத் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி அங்கே வேடமிட்டு நடித்தவர்.

1893இல் அவர் எழுதிய புஷ்பவல்லி மேடை ஏறியது. அடுத்து வந்தவற்றுள் மனோகராவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1895இல் அது அரங்கேறியபோது எழுதியவருக்கு வயது இருபத்திரண்டு; மனோகரனாக நடித்தவரும் அவரே. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வசந்தசேனை என்னும் பரத்தையின் வலையில் வீழ்ந்த அரசன் புருஷோத்தமன். ஒதுங்கி வாழும் பட்டத்தரசி பத்மாவதி. தந்தையின் தவற்றைக் கண்டு கொதிக்கும் மகன். தாய் மகனிடம் ஒரு வாக்குறுதி வாங்கிவிடுகிறாள். அந்த வாக்கு அவன் கையைக் கட்டிப்போடுகிறது. சபையில் சங்கிலியோடு அவனைக் கொணர்ந்து நிறுத்திக் கொலைத்தண்டனை விதிக்கிறார்கள். தாயின் கற்பே பழிக்கப்படும்போது, அவளே மகனை வாக்கிலிருந்து விடுவிக்கிறாள். சங்கிலி அறுகிறது.

இங்கே ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் அது தலைகீழாகத் திருப்பப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். டென்மார்க்கு இளவரசனுக்குத் தாய்மேல் ஐயம். நம் இளவரசனுக்குத் தாயே வேதம். அங்கே செயலைத் தடுப்பது இளவரசனின் சொந்த மனம். இங்கே தடுப்பது தாயின் சொல். ஆங்கில நாடகம் ஒன்றை ஊறிப் படித்த இளைஞர், தமிழ்க் குடும்பம் எதற்குப் பதறும், எதற்குக் கண்ணீர் விடும் என்பதை அறிந்து எழுதியிருக்கிறார். அந்தச் சங்கிலிக் காட்சியில் பாட்டு இல்லாதது ஒரு குறையாக யாருக்கும் தோன்றியதில்லை. பேச்சே அங்கே தாளம் போட்டுக்கொண்டு வருகிறது. அன்பரின் வினாவுக்கு முதல் விடை இதுதான் என்று நினைக்கிறேன். ஓசை அறியாதவரால் வசனத்தை அப்படி உயர்த்தியிருக்க முடியாது.

இரண்டாவது விடை அவருடைய பெயர்ச்சூட்டலில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரை அவர் தமிழுக்குக் கொண்டுவந்தபோது ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான்; மாக்பெத் மகபதி ஆனான்; சிம்பலின் சிம்ஹளநாதன் ஆனான்; வெனிஸ் நகரம் வாணீபுரம் ஆயிற்று. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூலப் பெயரின் ஒலி காதில் நிற்கிறது; பெயரோ நம் புராணத்திலிருந்து எடுத்தது போலிருக்கிறது. மொழிபெயர்ப்பில் கை வைத்த நம் மன்றத்துக் கவிஞர்கள் இதிலுள்ள அருமையை உணர்வார்கள். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் ஸ்காப்பன்கூட அவர் கையில் காளப்பன் ஆகிவிட்டான். வடமொழியிலிருந்து ரத்னாவளி போன்றவற்றையும் தந்தார். மொத்தம் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்கள். அத்தனையும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சபைக்கு ஒரு நாடகம் வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டவையும் அவற்றில் உண்டு. அவருக்கு ஷேக்ஸ்பியர் நாடகங்களில் உயிர் ஹாம்லெட்தான். அமலாதித்யனாக மேடையில் நிற்பதை அவர் பெரும் பேறாகக் கருதினார்.

அவர் நடித்தபோதெல்லாம் எதிரே நாயகியாக நின்றவர் சி. ரங்கவடிவேலு. சபையில் பெண்கள் நடிப்பதில்லை. பெண் வேடங்களை ஆண்களே பூண்டனர். ரங்கவடிவேலு பெண் வேடத்தில் பெயர் பெற்றவர். முதலியாருக்கு ஆருயிர் நண்பர். ஏறத்தாழக் கால்நூற்றாண்டுக் காலம் இருவரும் இணைந்து நடித்தனர். நடிகருக்கு ஏற்ப வேடத்தை எழுதுவது முதலியாரின் வழக்கம். ஆகவே அவருடைய நாயகிகள் பலர் இந்த ஒரு நண்பரின் குரலையும் நடையையும் மனத்தில் வைத்துப் பிறந்தவர்கள். 1920களின் முற்பகுதியில் ரங்கவடிவேலு மறைந்தார். அதன்பின் முதலியாரின் மேடை வாழ்வில் பாதி போய்விட்டது. பின்னர் எழுதிய நினைவுகளில் அந்த நண்பரைப் பற்றி வரும் இடங்களில் எழுத்தின் நிறமே மாறிவிடுகிறது. துக்கம் எழுத்துக்கு வரும்போது உவமை தேடாமல் வரும் என்பதை நான் அங்கே கற்றேன்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் நாடகத்தையே தொழிலாகக் கொண்டவர்களோடு ஊர் ஊராகச் சென்று, பாட்டால் மேடையை நிரப்பிக்கொண்டிருந்தார். முதலியாரைவிட ஆறு வயது மூத்தவர், 1922இல் மறைந்தவர். அவருடைய மேடை கூலிக்காரனுக்கும் வண்டிக்காரனுக்கும் திறந்திருந்தது. சுகுண விலாச சபையோ கற்றவர், பதவியுடையோர், செல்வர் ஆகியோரின் கூட்டமாகவே இருந்தது. நாடகத்துக்கு மதிப்பு வாங்கிக் கொடுத்தார்கள், உண்மை. அந்த மதிப்பு அன்றாடம் அரிதாரம் பூசிப் பிழைத்தவனுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் தயக்கத்தோடுதான் விடை சொல்ல வேண்டும். பிற்காலத்தில் சபையே மனமகிழ் மன்றமாக மாறியது. ஆயினும் மனோகராவைத் தொழில்முறைக் குழுக்கள் எடுத்துக்கொண்டன. டி.கே.எஸ். சகோதரர்கள் உட்படப் பலர் அதை ஆடினார்கள். அதன் வழியே அவருடைய வசனம் சபையின் வாயிற்படியைத் தாண்டியது. இலங்கைக்குச் சென்று சபையார் நடித்ததன் விளைவாகக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதே பாங்கில் நாடக சபைகள் தோன்றியதும் குறிப்பிடத்தக்கது.

நகைச்சுவையில் அவர் தம் சமூகத்தாரையே விட்டுவைக்கவில்லை. எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் வைத்து, யார் கூடுதல் அசடு என்று நம்மைத் திகைக்க வைக்கும் சபாபதியில் எசமானன் ஒரு முதலியார்தான்.

வழக்கறிஞராக இருந்தவர் 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகப் பணியாற்றினார். பகலில் வழக்கு, மாலையில் ஒத்திகை என்பது அவருக்கு இளமையிலிருந்தே பழகிப்போன நடைமுறை. ஓய்வு பெற்றபின் நாடக மேடை நினைவுகள் என்ற தலைப்பில் ஆறு பாகங்கள் எழுதினார். தமிழில் நாடகக்காரர் ஒருவர் தம் தொழிலைப் பற்றி இவ்வளவு விரிவாக முன்னர் எழுதியதில்லை. நடிகர்களின் பொறாமை, தம்முடைய முன்கோபம் எல்லாவற்றையும் கணக்குப்பிள்ளை போலப் பதிந்துவைத்திருக்கிறார். படிக்காதவர்கள் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும்.

பேசும் படம் வந்தபோது அதையும் அவர் ஒதுக்கவில்லை. 1936இல் மனோகரா படமானது. அதில் அவரும் நடித்தார். இம்முறை மகனாக அன்று, தந்தை புருஷோத்தமனாக. நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் சங்கிலி பூண்டு எந்த அரசனை எதிர்த்து நின்றாரோ, அந்த அரசனின் ஆசனத்தில் தாமே அமர்ந்து தம் மகனுக்குத் தண்டனை விதித்தார். தாம் எழுதிய ஒரே நாடகத்துக்குள் ஒருவர் முதுமை எய்துவது எத்தனை பேருக்கு வாய்க்கும்! 1941இல் ஏவி. மெய்யப்பன் சபாபதியைப் படமாக்கினார். டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் அந்த இரு சபாபதிகளாக வந்து நாட்டைச் சிரிக்க வைத்தனர். 1954இல் மனோகரா மீண்டும் படமாயிற்று. கதை அவருடையது, வசனம் மு. கருணாநிதி. சிவாஜி கணேசன் சங்கிலியை அறுத்தார், கண்ணாம்பா ஆணையிட்டார். எண்பத்தொரு வயதில், தம் பிள்ளை வேறொரு நாவால் பேசுவதை அவர் காண நேர்ந்தது. வசனத்தைத் தமிழ் மேடையில் அரியணை ஏற்றியவரின் நாடகம் இன்னொருவர் வசனத்தால் நாடெங்கும் முழங்கியது விந்தைதான். தாம் திறந்த கதவின் வழியே வந்தவர் அவர் என்பதை முதலியார் அறிந்திருப்பார்.

1959இல் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1964ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், தொண்ணூற்றோராம் வயதில் மறைந்தார்.

நான் பள்ளியில் படித்தபோது ஆண்டு விழாவில் மனோகரா சங்கிலிக் காட்சியைப் போட்டோம். எனக்குக் காவலன் வேடம். இரும்புச் சங்கிலிக்கு எங்கே போவது? ஊர்க் கிணற்றடியில் மாடு கட்டும் சங்கிலி இரண்டை இரவல் வாங்கி வந்தார் தமிழாசிரியர். மனோகரன் அதை இழுத்தபோது அது உண்மையிலேயே அறாமல் போய், கீழே இருந்த ஒருவர் திரைக்குப் பின்னாலிருந்து கொக்கியைக் கழற்றிவிட வேண்டியதாயிற்று. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பாட்டிமார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். விழா முடிந்ததும் ஒலிபெருக்கியில் நடித்த மாணவர் பெயர்களையெல்லாம் படித்தார்கள். எழுதியவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் இருந்தார் என்பது எனக்கும் அன்று தெரியாது.