துவக்கின்றிப் பறவைகளை அறிந்தவர்

வட அமெரிக்கப் பறவைகளின் படங்களைப் பார்த்துப் பெயர் கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. வெயிலில் பக்கவாட்டாக நின்று, நிறமெல்லாம் தெளிவாகத் தெரியும் படங்களில் எனக்குச் சுவையில்லை. முதுகைக் காட்டியபடி இலைகளுக்குள் பாதி மறைந்த குருவி, வானத்தின் முன் வெறும் கறுப்பாகத் தெரியும் வல்லூறு, கண்ணும் அலகும் மட்டும் வெளியே தெரியும் மரங்கொத்தி ஆகியவைதாம் சோதனை. இத்தகைய படங்களோடு போராடும் எவரும் கையாளும் வழிமுறைகளை 130 ஆண்டுகளுக்கு முன்பே சாதாரண மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெண். கமராவை நம்பி அவர் அதைச் செய்யவில்லை. நாடகக் கொட்டகையில் பின்வரிசையில் இருப்போர் மேடையைப் பார்ப்பதற்காகக் கொண்டுசெல்லும் சிறிய இரட்டைக் கண்ணாடிதான் அவரிடம் இருந்தது. தூரத்துப் பொருளை ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாகக் காட்டும் கருவி, அவ்வளவுதான்.

அவர் பெயர் புளோரன்ஸ் மெரியம் பெய்லி. 1863ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் லோகஸ்ட் குரோவ் என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தை அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினராக இருந்தவர். தாய் வானியலில் ஆர்வமுள்ளவர். மகளுக்கு நட்சத்திரங்களை அடையாளம் காட்டி வளர்த்தவர். எட்டு வயது மூத்த அண்ணன் ஹார்ட் மெரியம் பிற்காலத்தில் பெயர்பெற்ற விலங்கியல் அறிஞரானார். அந்த வீட்டில் பிள்ளைகள் காட்டுக்குள் போவதை யாரும் தடுக்கவில்லை. பெற்றோர் இவ்விடத்தைச் சற்று நின்று வாசிப்பார்களாக!

அக்காலத்தில் பறவைகளைப் பற்றிய படிப்பு துவக்கோடுதான் தொடங்கியது. அறிஞர் ஒருவர் ஒரு பறவையை இன்னதென்று உறுதிப்படுத்த வேண்டுமானால் அதைச் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பதப்படுத்தி, மேசையில் வைத்து அளந்து பார்ப்பார். புளோரன்ஸின் அண்ணனும் சிறுவயதிலேயே அப்படிச் சேகரித்தவர்தாம். கையில் இருக்கும் உயிரற்ற பறவையைக் கொண்டே பெயர் சொல்ல முடியும், கிளையில் இருப்பதை நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதே அன்றைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குக் காரணமில்லாமல் இல்லை. தூரத்தில் அசையும் ஒன்றைப் பார்த்துப் பெயர் சொல்வது இன்றைக்கும் எளிதல்ல.

1882இல் புளோரன்ஸ் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்மித் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது சீமாட்டிகளின் தொப்பிகளில் பறவை இறகுகள் வைப்பது பெரும் நாகரிகம். இறகு மட்டுமல்ல, பஞ்சடைத்த முழுப் பறவையையே தொப்பியில் தைத்து அணிந்தார்கள். 1886இல் பிராங்க் சப்மன் என்ற இளைஞர் நியூயோர்க் நகரின் கடைத்தெருக்களில் இரண்டு பிற்பகல்கள் நடந்து, எதிர்ப்பட்ட 700 தொப்பிகளைக் கணக்கிட்டார். அவற்றில் 542 தொப்பிகளில் பறவைகளோ இறகுகளோ இருந்தன. சப்மன் அங்கேயே 40 வகைப் பறவைகளை இனங்கண்டார். நசுங்கி, வளைக்கப்பட்டு, நாடாவுக்கு இடையில் செருகப்பட்ட இறகுகளிலிருந்து பெயர் கண்டுபிடித்த அந்த மனிதரை நினைத்தால், கடினமான படம் என்று நான் முறையிடுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

அதே 1886இல் புளோரன்ஸும் அவருடைய தோழி பெனி ஹார்டியும் தம் கல்லூரியில் ஓடுபன் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அவர்கள் கையாண்ட உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. தொப்பி அணிந்த மாணவியரை அவர்கள் முதலில் கண்டிக்கவில்லை. காலையில் வயல்வெளிக்கு அழைத்துப்போய் உயிருள்ள பறவைகளைக் காட்டினார்கள். இயற்கை எழுத்தாளர் ஜோன் பரோஸ் கூட அவர்களோடு நடந்தார். பெயர் தெரிந்த பறவையைத் தலையில் தைத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? கல்லூரி மாணவியரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சங்கத்தில் சேர்ந்தார்கள்.

அந்த நடைகளிலிருந்தே அவருடைய முதல் நூல் பிறந்தது எனலாம். ‘நாடகக் கண்ணாடி வழியே பறவைகள்’ என்று பொருள்படும் தலைப்புடன் 1889இல் அது வெளிவந்தது. பெண்கள் பலர் ஆண் பெயரில் ஒளிந்து எழுதிய காலத்தில் தம் சொந்தப் பெயரையே போட்டார். எழுபது வகைச் சாதாரணப் பறவைகளைப் பற்றி, இளையோருக்கும் விளங்கும் நடையில் எழுதியிருந்தார். துவக்கு இல்லாமல் எப்படி இனங்காண்பது என்பதே நூலின் அடிநாதம். பளிச்சென்ற உடை வேண்டாம். மெதுவாக நடக்க வேண்டும். அடிக்கடி அசையாமல் நிற்க வேண்டும். சூரியன் நம் முதுகுப்புறம் இருக்கும்படி அமர வேண்டும். பறவையின் பருமனை எல்லாரும் அறிந்த ரொபின் பறவையோடு ஒப்பிட வேண்டும்.

இவை சின்ன விடயங்களாகத் தோன்றலாம். படங்களைப் பார்க்கும்போதுதான் இவற்றின் பெறுமதி தெரியும். இண்டிகோ பண்டிங் என்ற குருவியின் ஆண் பளபளக்கும் நீலம். ஆனால் அதன் இறகில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் நீலம் தோன்றுகிறது. ஆகவே சூரியன் பறவைக்குப் பின்னால் இருந்தால் அதே குருவி படத்தில் கறுப்பாகத் தெரியும். சூரியனுக்கு முதுகைக் காட்டி அமரச் சொன்னதன் நியாயம் இதில் விளங்கும்.

பருமன் விடயம் இன்னும் சிக்கலானது. டவுனி, ஹெயரி என்று இரு மரங்கொத்திகள். இரண்டும் கறுப்பு வெள்ளை. இரண்டிலும் ஆணுக்குப் பின்தலையில் சிவப்பு. டவுனி சுமார் ஆறு அங்குலம், ஹெயரி சுமார் ஒன்பது அங்குலம். நேரில் ரொபினை மனத்தில் வைத்து அளந்துவிடலாம். படத்திலோ பக்கத்தில் ஒப்பிட ஒன்றுமில்லாவிட்டால் இரண்டும் ஒரே அளவுதான். அப்போது பறவையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிட வேண்டும். ஹெயரியின் அலகு ஏறத்தாழத் தலையின் நீளம் இருக்கும். டவுனியின் அலகு அதைவிட மிகக் குட்டை. படத்திலுள்ள பறவை ஒருவகையில் பழைய அறிஞரின் மேசையில் கிடந்த பறவையைப் போன்றது. அது பாடாது, வாலை ஆட்டாது, மரத்தில் தலைகீழாக இறங்காது. புளோரன்ஸ் முக்கியமெனக் கருதிய குரலும் நடத்தையும் அதில் இல்லை. படத்தைக் கொண்டு சரியாகப் பெயர் சொல்பவர்கள் பெரும்பாலும் வெளியில் நின்று நெடுநேரம் பார்த்தவர்களாக இருப்பதன் காரணம் இதுவென்றே நினைக்கிறேன்.

இத்தனைக்கும் அவர் உடல்நலம் மிக்கவரல்லர். காசநோயின் அறிகுறிகள் தோன்றவே, 1893இல் வறண்ட காற்றைத் தேடி மேற்குப் பகுதிக்குச் சென்றார். யூட்டா, கலிபோர்னியா, அரிசோனா என்று அலைந்தார். படுத்திருக்கப் போன இடத்தில் குதிரை மேல் ஏறிக் கூடுகளைத் தேடினார்! அதுவும் ஒரு நூலாயிற்று. மேற்குப் பறவைகள் அவரை விடவில்லை. 1899இல் விலங்கியலாளர் வேர்னன் பெய்லியை மணந்தபின், இருவரும் ஆண்டுக்கணக்காக மேற்கில் கூடாரமடித்து ஆய்வு செய்தார்கள். அவர் பாலூட்டிகளைத் தேட, இவர் பறவைகளைப் பார்ப்பார். 1902இல் மேற்கு ஐக்கிய அமெரிக்கப் பறவைகள் பற்றிய இவருடைய கைநூல் வெளியானது. பல பதிப்புகள் கண்ட நூல் அது. இதற்கிடையில் வொஷிங்டனில் ஆசிரியர்களுக்குப் பறவை வகுப்புகளும் நடத்தினார்.

அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் 1885இலேயே அவரைத் துணை உறுப்பினராக ஏற்றிருந்தது. அவ்வாறு சேர்ந்த முதற்பெண் அவர். ஆனால் முழு மதிப்புள்ள ‘ஃபெலோ’ தகுதியை வழங்க அதே சங்கத்துக்கு 1929 வரை காலம் தேவைப்பட்டது. நாற்பத்து நான்கு ஆண்டுகள்! ஸ்மித் கல்லூரியும் 1886இல் பட்டமின்றி வெளியேறிய அவருக்கு 1921இல்தான் பட்டம் கொடுத்தது. நியூ மெக்ஸிக்கோ பறவைகள் குறித்த பெரிய நூலுக்காக 1931இல் புரூஸ்டர் பதக்கம் பெற்றார். அதிலும் அவரே முதற்பெண். 1948 செப்டெம்பர் 22ஆம் திகதி வொஷிங்டனில் காலமானார். தொப்பிக்காகப் பறவைகளைக் கொல்வது அதற்கு முன்பே சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. 1900ஆம், 1918ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அதற்கு உதவின.

தெற்குக் கலிபோர்னிய மலைகளில் வாழும் மலைச் சிக்கடிக் குருவியின் ஒரு துணையினத்துக்கு ஜோசப் கிரினெல் என்ற அறிஞர் 1908இல் அவர் பெயரைச் சூட்டினார். கறுப்புத் தொப்பியும் கறுப்புத் தொண்டையும் கொண்ட சிக்கடிகள் பல உண்டு. படத்தில் ஒன்று அகப்பட்டால் கண்ணுக்கு மேலே பாருங்கள். கறுப்பை ஊடறுத்துப் புருவம்போல் ஒரு வெள்ளைக் கோடு ஓடினால் அது மலைச் சிக்கடி.