கோட்டைக்குள் ஒரு கோயில்



விமானப்படைத் தளத்துக்கு அண்டையில் குடியிருக்கும் நமக்குப் போர்வீரரின் அணிவகுப்பு புதிதல்ல. ஆனால் வீரர்கள் துப்பாக்கி பிடிக்கப் பழகிய கோட்டைக்குள்ளேயே ஒரு கோயில் எழும்பி, தளபதியே அதில் அடக்கம்பண்ணப்பட்ட வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பெயர் எவுஸ்தாக்கியுஸ் டிலனாய். டச்சுக் கம்பெனியின் படையில் ஊழியம் செய்த கத்தோலிக்கர். 1741-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் டச்சுக்காரர் தோற்றபோது, டிலனாய் கைதியானார். மன்னர் அவருடைய திறமையைக் கண்டு, தம் வீரருக்குப் பயிற்சியளிக்கும் வேலையை ஒப்புவித்தார். வரிசையாய் நிற்கவும், கட்டளைக்கு ஒன்றாய்ச் சுடவும், பீரங்கி இயக்கவும் அவர் பழக்கினார். கைதியாய் வந்தவர் வலிய கப்பித்தான் என்னும் பெரிய பதவிக்கு உயர்ந்தார். தக்கலைக்கு அருகில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்தார். அதனுள் பீரங்கி வார்க்கும் உலையும் இருந்தது. அங்கேதான் கோயிலும் எழும்பிற்று.

இனி கவனியுங்கள். அந்தக் கோட்டை வேலையில் ஈடுபட்டிருந்த அரசாங்க அலுவலர் ஒருவர் ஆடுமாடுகளையும் பயிரையும் இழந்து மனம் சோர்ந்திருந்தார். டிலனாய் அவரிடம் ஏதும் வாதாடவில்லை; எல்லாம் இழந்தும் இறைவனை விடாத யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார். கேட்டவர் நட்டாலம் நீலகண்டபிள்ளை. 1745-ம் ஆண்டு மே 14-ம் நாள் வடக்கன்குளத்தில் புத்தாரி சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

ஆனால் 1749-ல் அவர் விலங்கிடப்பட்டார். 1752 ஜனவரி 14-ம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு வேதசாட்சியாக மரித்தார். சுட்டவர்கள் எந்த அரசனின் சேவகர்? டிலனாய் ஊழியம் செய்த அதே அரசனின் சேவகரே. தாம் விசுவாசத்துக்கு வழிகாட்டிய நண்பர் இப்படி மாண்டபோது, அந்தத் தளபதியின் நெஞ்சம் எவ்வளவு பாரப்பட்டிருக்கும்!

சோதனை அத்துடன் தீரவில்லை. 1765-ல் களக்காட்டுப் போரில் பத்தொன்பது வயதே ஆன அவருடைய மகன் யோவான் மாண்டான். பிறருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர், இப்போது தாமே பிள்ளையைப் பறிகொடுத்த யோபுவாக நின்றார். ஆயினும் கடமையை விடவில்லை. முப்பத்தாறு ஆண்டு ஊழியத்துக்குப்பின் 1777 ஜூன் 1-ம் நாள் உதயகிரியில் காலமானார். அக்கோயிலிலேயே அவர் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்துக்கள் வெட்டியிருக்கின்றன.

தாம்பரத்தில் இரயிலேறி நாகர்கோவிலில் இறங்குகிறவர்கள், தக்கலை போகும் சாலையில் அதைப் பார்க்கலாம். கூரை போய்ச் சுவர்களே நிற்கின்றன. உலையும் அணைந்துவிட்டது. அங்கே சோர்ந்தவனுக்குச் சொன்ன ஆறுதல் வார்த்தையோ அழியவில்லை. 2022 மே 15-ம் நாள் உரோமையில் தேவசகாயம் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தப்பட்டார்.

பிரியமானவர்களே, உங்கள் தெருவிலும் நஷ்டப்பட்டு வாடியிருப்பவர் ஒருவர் உண்டு. இந்த வாரம் அவர் வீட்டுத் திண்ணையில் சற்று உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சு எதுவரை போகுமென்பது இறைவனுக்கே தெரியும்.