தண்ணீர் சுமந்தவர் வென்ற பந்தயம்

தோவாளைச் சந்தைக்குப் பூக்கூடை சுமந்து வருகிறவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். எடுத்த எடுப்பில் வேகமாக நடப்பவர் வெயில் ஏறியதும் சோர்ந்துவிடுவார். அப்படிச் சுமை தூக்கிப் பழகிய ஒருவர் உலகப் புகழ் பெற்றார்.

அவர் ஸ்பிரிடோன் லூயிஸ். 1873-ல் கிரேக்க நாட்டின் மரூசி கிராமத்தில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். தகப்பனார் ஏதென்ஸ் நகரில் தண்ணீர் விற்பார். மகன் அதைச் சுமந்து சேர்ப்பார்.

1896 ஏப்ரல் 10. ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. மராத்தான் என்ற ஊரிலிருந்து நகருக்கு 40 கிலோமீட்டர் ஓட வேண்டும். பாதையின் நடுவே நெடுந்தூரம் ஏற்றம். 17 பேர் புறப்பட்டனர். அதுவரை ஓட்டப் பந்தயம் ஒன்றிலும் கிரேக்கர் வெல்லவில்லை. நாடே ஏங்கி நின்றது.

வெளிநாட்டார் முந்தினார்கள். லூயிஸ் பதறவில்லை. பிரெஞ்சு வீரர் 32-வது கிலோமீட்டரில் நின்றுவிட்டார். பிறகு முந்திய ஆஸ்திரேலியர் தள்ளாடி விழுந்தார். லூயிஸ் முதலாவதாக அரங்கில் நுழைந்தார். இளவரசர் இருவர் கூடவே ஓடிவந்தனர். நேரம் 2 மணி 58 நிமிடம் 50 விநாடி.

பரிசாக அவர் கேட்டது தண்ணீர் ஏற்ற ஒரு வண்டிதான் என்பார்கள். மறுபடி அவர் பந்தயம் ஓடவில்லை. 1926-ல் ஆவண மோசடி என்று சிறையில் அடைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் வாடிய பின், குற்றமற்றவர் என்று விடுதலையானார். 1940-ல் காலமானார்.

2004 ஆகஸ்ட் வெயிலில் அதே பாதையில் ஓடிய உலக சாதனை வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் முடிக்க முடியாமல் அழுதார். மரூசியில் நிற்கும் பெரிய ஒலிம்பிக் அரங்குக்கு இன்று தண்ணீர்க்காரர் லூயிஸின் பெயர்.