நினைவைக் காத்த இசைமேதை

கோரமண்டல், மாரிக்குப்பம் லைன்களில் வாழும் தமிழர்களின் பாட்டன், முப்பாட்டன்மார் தங்கச் சுரங்கத்தில் உழைக்க வட ஆர்க்காட்டிலிருந்து வரத் தொடங்கியது 1880-களில். ஏறக்குறைய அதே காலத்தில் மைசூரிலிருந்து ஓர் இளைஞர் பாட்டுக் கற்கத் தமிழ்நாட்டுக்குப் புறப்பட்டார். பிற்காலத்தில் புகழ்பெற்ற மைசூர் வாசுதேவாச்சாரியார்தான் அவர்.

1865 மே 28-ந் தேதி மைசூரில் பிறந்த அவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சமஸ்கிருதத்தோடு இசையும் பயின்றுவந்த அவரை, மகாராஜா சாமராஜேந்திர உடையார் உதவித்தொகை கொடுத்துத் திருவையாற்றுக்கு அனுப்பினார். அங்கே பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலவாசம் செய்து, ஊர் திரும்பி அரண்மனை வித்வான் ஆனார்.

ஆதரித்த மகாராஜா 1894 டிசம்பரில் கல்கத்தாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 31 தான். 1902-ல் குருநாதரும் மறைந்தார். இந்தியாவில் கிராமபோன் தட்டுக்காகப் பாட்டுப் பதிவு செய்யத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். குருவின் குரல் எந்தத் தட்டிலும் ஏறவில்லை. கேட்டவர்களும் கண்மூடிவிட்டால், பாடியவர் இரண்டாம் முறையும் மறைந்துபோவார்.

இதற்கு வாசுதேவாச்சாரியார் கண்ட மருந்து எழுத்து. கன்னடத்தில் 'நா கண்ட கலாவிதரு', 'நெனபுகளு' என்ற இரு நூல்களை எழுதினார். முன்னது தாம் கண்ட கலைஞர்களைப் பற்றியது. பின்னது தம் நினைவுகள். 'ப்ரோசேவாரெவருரா' உட்பட சுமார் 200 உருப்படிகள் இயற்றியவர். 1935-ல் சங்கீத கலாநிதி, 1959-ல் பத்மபூஷண் பெற்றவர். தம் பெருமையை மட்டுமே எழுதியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ மற்றவர்களுக்காக ஒரு தனி நூலே ஒதுக்கினார். கலை தம் சொத்தல்ல, பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் என்பதே அவர் வாழ்ந்து காட்டிய தத்துவம்.

தொண்ணூறை நெருங்கிய வயதில் சென்னை கலாக்ஷேத்திரத்துக்குச் சென்று, ராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசை அமைத்தார். 1961 மே 17-ந் தேதி, 95-ம் வயதில் காலமானார். மிச்சமிருந்த பணியை அவரது பேரன் ராஜாராம் தொடர்ந்து நிறைவேற்றினார்.

2001-ல் நம் சுரங்கமும் மூடப்பட்டது. கீழே இறங்கி உழைத்தவர்கள், லைன்களில் கூத்தும் பாட்டும் வளர்த்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். இருப்பவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது பேரப்பிள்ளைகளின் கடமை. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.