ஹாஃப்கினும் 53என் புட்டியும்

தான் செய்த தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தவர் வால்டெமர் ஹாஃப்கின்.

இவர் 1860-ல் ஒடெஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பாரிஸில் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தார். 1892-ல் காலரா தடுப்பூசி செய்து தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்ததையும் வலியையும் கவனிச்சு எழுதி வச்சார். மறு வருஷம் இந்தியா வந்தார். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவி ஜனங்க ஊரைவிட்டே ஓடினாங்க. சில மாசத்திலேயே பிளேக் தடுப்பூசி செய்து, 1897 ஜனவரி 10 அன்று அதையும் தனக்கே போட்டுக்கிட்டார். எவ்வளவு தைரியம் பாருங்க!

ஆனா 1902 அக்டோபரில் பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் ஒரு பயங்கரம் நடந்தது. அன்னைக்கு 107 பேருக்கு ஊசி போட்டாங்க. அதில் 19 பேர் ரண ஜன்னி வந்து இறந்துட்டாங்க. பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது. வேலையும் போச்சு.

விசாரிச்சுப் பார்த்தா, செத்த 19 பேருக்கும் 53என் என்ற ஒரே புட்டி மருந்து! மற்ற புட்டிகளில் போட்ட 88 பேருக்கு ஒண்ணும் ஆகல. அந்தப் புட்டியைத் திறந்த இடுக்கி மண்ணில் விழுந்திருக்கு. அதைக் கொதிக்க வைக்காமலே தக்கையை எடுத்திருக்காங்க. ரண ஜன்னிக் கிருமி மண்ணில்தானே இருக்கும்.

யாருக்கு எந்தப் புட்டி என்று குறிப்பு இல்லேன்னா இதைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. இப்போ பாப்பாக்களுக்கு ஊசி போட்டதும் நர்ஸ் அக்கா அரை மணி நேரம் உட்கார வைக்கிறாங்களே, அதுவும் இதுக்குத்தான். வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல் விடலையா, வலிப்பு வந்ததா, பால் குடிக்கலையா என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். சில அம்மாக்கள் பயந்துகிட்டு நர்ஸிடம் சொல்லவே மாட்டாங்க, அடுத்த ஊசிக்கும் வர மாட்டாங்க. சொன்னாத்தானே அது மருந்தாலயா, போட்ட முறையாலயா, வேற நோயாலயான்னு பார்க்க முடியும்? இதை விசாரிக்க மாவட்டத்தில் டாக்டர்கள் குழுவே இருக்கு.

ஹாஃப்கினுக்கு நியாயம் கிடைக்க 5 வருஷம் ஆச்சு. மலேரியா கொசுவால் பரவுதுன்னு கண்டுபிடிச்ச ரொனால்ட் ராஸ் அவருக்காகப் பத்திரிகையில் எழுதினார். 1907-ல் குற்றம் இல்லைன்னு ஆனதும் ஹாஃப்கின் மறுபடி இந்தியாவுக்கே வந்து கல்கத்தாவில் வேலை பார்த்தார். பம்பாயில் அவர் தொடங்கிய ஆய்வுக்கூடத்துக்கு 1925-ல் அவர் பெயரையே வச்சாங்க. 1930-ல் சுவிட்சர்லாந்தில் காலமானார்.