கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எம்ஜிஆர்

பெரியவர்கள் முன்னால் நிற்கும்போது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று நம்மில் பலருக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். செருப்பை வாசலில் விடுவது, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவது போன்ற மரியாதைகளில் அதுவும் ஒன்று. கூரைக்குக் கீழே கூலிங் கிளாஸ் அணிந்து நடப்பவரைப் பார்த்தால், பந்தா காட்டுகிறார் என்றுதான் பலருக்கு முதலில் தோன்றும்.

அப்படிச் சொல்லிக்கொடுத்த வீடுகள் பலவற்றின் சுவரிலேயே ஒருவர் படம் மாட்டியிருக்கும். தலையில் வெள்ளைத் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முகத்தில் சிரிப்பு. அவரை மட்டும் அந்த வீட்டார் மரியாதை தெரியாதவர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

சட்டமன்றத்திலும் அரசு விழா மேடையிலும் மண்டபத்திலும் கறுப்புக் கண்ணாடியுடனேயே காட்சி தந்தவர் எம்ஜிஆர். மற்றவர் செய்தால் முகம் சுளிக்கும் ஒரு செயலுக்கு அவருக்கு மட்டும் எப்படி அனுமதி கிடைத்தது? அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் விடை புலப்படும்.

பசியில் தொடங்கிய பயணம்

மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி, இலங்கையின் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் சத்தியபாமா பிள்ளைகளுடன் கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தார். வறுமை பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியது. அண்ணன் சக்கரபாணியுடன் சிறுவன் ராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் குழுவில் சேர்ந்தார். கலை ஆர்வத்தைவிட, வேளாவேளைக்குச் சோறு கிடைக்கும் என்பதே அந்நாளில் இத்தகைய குழுக்களுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களின் கணக்கு.

1936ஆம் ஆண்டு வெளிவந்த ‘சதி லீலாவதி’தான் அவருடைய முதல் படம். அதில் அவருக்குச் சிறிய காவல் அதிகாரி வேடம். கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ வெளிவர மேலும் 11 ஆண்டுகள் ஆயின. அப்போது அவருக்கு 30 வயது. அதன் பிறகு ‘மந்திரி குமாரி’, ‘மலைக்கள்ளன்’, சொந்தமாகத் தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ என்று படிப்படியாக ஏறினார்.

அக்காலப் படப்பிடிப்புத் தளங்களில் ஆர்க் விளக்குகள் எரியும். கண்ணைக் கூசவைத்து, எரிச்சலும் நீரும் வரவைக்கும் வெளிச்சம் அது. உலகெங்கும் திரையுலகில் கறுப்புக் கண்ணாடி வேரூன்றியதற்கு அந்த விளக்குகளும் ஒரு காரணம். எம்ஜிஆர் அந்த வெளிச்சத்தில் 40 ஆண்டுகள் நின்றவர்.

காட்டிய காயம்

1967ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி, நடிகர் எம்.ஆர்.ராதா அவரைத் துப்பாக்கியால் சுட்டார். குண்டு கழுத்தருகே பாய்ந்தது. உயிர் பிழைத்தாலும் குரல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வசனத்தால் வளர்ந்த ஒரு கதாநாயகனுக்கு அது பேரிழப்பு.

அடுத்த சில வாரங்களில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருந்த எம்ஜிஆரின் படம் சுவரொட்டிகளாகத் தமிழகமெங்கும் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலைத் தொகுதியில் வெற்றி பெற்றார். மாறிய குரலுக்கு இன்னொருவரை வைத்துப் பின்னணி பேசவைக்காமல், தாமே தொடர்ந்து பேசி நடித்தார். மக்களும் அந்தக் குரலை ஏற்றுக்கொண்டார்கள்.

காயத்தை மறைக்காமல் காட்டியபோது அவருடைய செல்வாக்கு குறையவில்லை, கூடியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அடுத்த பகுதியைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடியே முகமானது

1970களின் தொடக்கத்தில், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவருடைய பொதுத் தோற்றத்தின் நிலையான அங்கங்களாகிவிட்டன. அப்போது அவர் 50 வயதைக் கடந்திருந்தார். திரையில் இன்னும் இளைஞர். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, ஹாங்காங், ஜப்பான் எனப் பல நாடுகளில் படமாக்கப்பட்ட ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தபோது, படத்தின் பெயரில் வாலிபனாக இருந்தவருக்கு 56 வயது.

திரையில் ஒப்பனையும் ஒளியமைப்பும் வயதை மறைத்துவிடும். மண்டபத்திலும் மேடையிலும் அது நடக்காது. வயது முதலில் தெரிவது கண்ணைச் சுற்றியும் தலைமுடியிலும்தான். தொப்பியும் கண்ணாடியும் சரியாக அந்த இரண்டையும் மூடின. கிராமத்து ரசிகர் திரையில் பார்த்தவரும் மேடையில் பார்த்தவரும் ஒரே ஆளாக இருந்தார்கள்.

நடிகருக்குக் கண்தான் பெரிய முதல். அந்தக் கண்ணையே மூடிய பிறகும் கூட்டம் குறையவில்லை. கண்ணாடி அணிந்த முகமே அவருடைய முகமாகிவிட்டது. 1972ஆம் ஆண்டு அக்டோபரில் திமுகவிலிருந்து பிரிந்து புதுக்கட்சி தொடங்கியபோது, கட்சிச் சின்னத்துக்கு முன்பே தொண்டர்களுக்குக் கிடைத்த சின்னம் அந்த முகம். தொப்பியும் கண்ணாடியும் மட்டும் வரைந்தாலே யார் என்று குழந்தைக்கும் தெரிந்தது.

மன்றத்தில் இரு கண்ணாடிகள்

1977ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி எம்ஜிஆர் முதலமைச்சரானார். எதிர்க்கட்சித் தலைவர் இருக்கையில் அமர்ந்தவர், ஒரு காலத்தில் அவருடைய படங்களுக்கு வசனம் எழுதிய நண்பர் மு.கருணாநிதி. அவரும் கறுப்புக் கண்ணாடி அணிபவர். ஒரே கூரையின் கீழ், எதிரெதிரே இரண்டு கறுப்புக் கண்ணாடிகள். உலகில் வேறு எந்த மன்றத்திலும் எளிதில் பார்க்க முடியாத காட்சி அது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கருணாநிதி 1953ஆம் ஆண்டு கார் விபத்தில் கண்ணில் அடிபட்டவர். பின்னர் வெளிநாடு சென்று அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். அவருடைய கண்ணாடி மருத்துவத் தேவை. எம்ஜிஆரின் கண்ணாடியைப் பற்றி எதிர்முகாம் கேலி பேசியது, ரசிகர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் அதைக் கழற்றாமலே ஆட்சி நடத்தினார்.

நடைமுறையில் அது எளிதான காரியமில்லை. நண்பகல் வெயிலின் வெளிச்சம் ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். நல்ல வெளிச்சமுள்ள அலுவலக அறையில் கிடைப்பது 500 லக்ஸ் அளவுதான். வெயிலுக்கென்று செய்யப்படும் வழக்கமான கறுப்புக் கண்ணாடி, விழும் ஒளியில் 8 முதல் 18 விழுக்காட்டை மட்டுமே உள்ளே விடும். அதாவது, பளிச்சென்ற அலுவலகம்கூட அணிந்தவருக்கு மங்கலான நடைபாதை போலத்தான் தெரியும். படிக்கட்டில் கால் இடறும், கோப்பின் எழுத்து தெளியாது. ஆகவே உள்ளே அணிபவர்கள் பெரும்பாலும் குறைவான நிறமேற்றிய கண்ணாடியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கறுப்புக் கண்ணாடி அணிந்தவரால் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க முடியும். எதிரில் இருப்பவரால் அவருடைய கண்ணைப் பார்க்க முடியாது. நண்பர்களுக்கு இடையில் அது சங்கடம். அதிகாரத்தில் இருப்பவர் அணியும்போது அது பலம். மனு கொடுக்க வந்தவர், முதல்வர் கோபமாக இருக்கிறாரா, இரங்குகிறாரா என்பதை உதட்டையும் கையையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இருந்தும் ஏழைகள் அந்த மறைவைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பசி தெரிந்த மனிதர் என்று அவரை நம்பினார்கள். 1982ஆம் ஆண்டு ஜூலையில் அவர் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அந்த நம்பிக்கைக்குச் சான்றாக நின்றது. கண்ணில் தேட வேண்டியதைப் பிள்ளைகளின் தட்டில் கண்டார்கள். அனுமதி அங்கிருந்துதான் வந்தது.

கழற்ற முடியாத கண்ணாடி

1984ஆம் ஆண்டு அக்டோபரில் சிறுநீரகம் செயலிழந்து, பக்கவாதமும் தாக்கி, சென்னை அப்போலோ மருத்துவமனையில் எம்ஜிஆர் சேர்க்கப்பட்டார். நவம்பரில் அமெரிக்காவின் புரூக்ளினில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். டிசம்பரில் தேர்தல். அவர் உயிருடன் இருக்கிறாரா என்ற ஐயம் ஊரெங்கும் பரவ, மருத்துவமனையில் எடுக்கப்பட்ட காணொளி தமிழகம் முழுவதும் திரையிடப்பட்டது. ஆண்டிபட்டியில் கால் வைக்காமலே வென்றார்.

1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஊர் திரும்பியவருக்குப் பேச்சு தெளிவாக வரவில்லை. ஆனால் தொப்பியும் கண்ணாடியும் இருந்தன. கூடியிருந்த மக்களுக்கு, போனவரே திரும்பி வந்துவிட்டார் என்று அவை உறுதி சொல்லின. அடுத்த மூன்றாண்டு ஆட்சியில் அவருடைய உடல்நிலை தேய்ந்துகொண்டே போனது. அந்த முகம் மட்டும் சுவரொட்டியில் இருந்தபடியே இருந்தது.

இங்குதான் அந்தக் கண்ணாடியின் விலை தெரிகிறது. 1967இல் கட்டுப்போட்ட கழுத்தைக் கண்டு கலங்கி, அவரைத் தங்களில் ஒருவராக ஏற்ற மக்கள், முதுமையையும் நோயையும் ஏற்றிருக்க மாட்டார்களா? காயத்தைக் காட்ட முடிந்தவருக்கு வயதைக் காட்டும் வாய்ப்பு கிடைக்கவில்லை. மற்றவர்கள் வீட்டுக்குள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இளைப்பாறலாம். அவரால் அது முடியவில்லை.

1987ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி, 70 வயதில் எம்ஜிஆர் காலமானார். ராஜாஜி மண்டபத்தில் லட்சக்கணக்கானோர் அஞ்சலி செலுத்திய உடலிலும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இருந்தன. மெரினாவில் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு அவருக்கு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

நமக்கு என்ன?

எம்ஜிஆருக்குக் கிடைத்த அனுமதி நமக்குக் கிடைக்காது. கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஒற்றைத் தலைவலியால் வெளிச்சம் தாங்காதவர்கள், கண் நோய் உள்ளவர்கள் சிலர் உள்ளே கறுப்புக் கண்ணாடி அணிய நேரலாம். சபையில் ஒரு வார்த்தை காரணம் சொல்லிவிட்டால் போதும், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். அப்படி அணிந்திருப்பவரைக் கண்டு பந்தா என்று நாமும் அவசரப்படக் கூடாது.

காரணமில்லாமல் எந்நேரமும் உள்ளே அணிவது கண்ணுக்கும் நல்லதல்ல. இருட்டுக்குப் பழகிய கண், சாதாரண விளக்கைக்கூடத் தாங்காமல் கூசத் தொடங்கும். திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கைகூப்புவதே நம் வழக்கம். நம் மகிழ்ச்சியையும் துக்கத்தையும் எதிரில் இருப்பவர் நம் கண்ணில் பார்க்கட்டும்.

மெரினா சமாதிக்கு வருவோர் சிலர், உள்ளே அவருடைய கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறது என்று நம்பிக் கல்லில் காதை வைத்துக் கேட்பதுண்டு. பத்தாண்டுக்கும் மேலாக அவருடைய கண்ணைப் பார்க்காமலே அன்பு செலுத்திய மக்கள், இப்போது காதை வைத்து அவரைத் தேடுகிறார்கள்.