கர்னல் ஆல்காட் கைவிட்ட வித்தை

தமிழ்ப் பௌத்தர் நன்றியோடு நினைத்தற்குரிய அயல்நாட்டாருள் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் தலையாயவர். 1898ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதரையும் கிருஷ்ணசாமியாரையும் கொழும்புக்கு அழைத்துச் சென்று, சுமங்கல மகாதேரர் முன்னிலையில் பஞ்சசீலம் ஏற்கச் செய்தவர் அவரே. ஏழை மக்களின் பிள்ளைகளுக்கென 1894ஆம் ஆண்டில் அடையாற்றில் இலவசப் பள்ளி திறந்தவரும் அவரே. இவை நம் மேடைகளில் பலகாலும் சொல்லப்பட்டவை.

ஆனால் அவர் வாழ்வில் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட ஒரு காலம் உண்டு. அக்காலத்தில் அவர் கைகளால் தடவி நோய் தீர்ப்பவராக ஊர் ஊராகச் சென்றார். பின்னர் அதனை நிறுத்தினார். ஏன் தொடங்கினார், ஏன் நிறுத்தினார் என்பதை நாம் அறிந்துகொள்வது நலம். ஏனெனில் ரெய்கி என்றும் பிராண சிகிச்சை என்றும் பெயர் சொல்லிக் கைவைத்து நோய் நீக்குவதாகக் கூறுவோர் இன்று நம் தெருக்களுக்கும் வந்துவிட்டனர். உன்னை ஓர் ஆவி பற்றிக்கொண்டிருக்கிறது, அதனை நீக்கப் பணம் கொண்டுவா என்று அச்சுறுத்துவோரும் அவர்களுக்குப் பின்னாலேயே வருகின்றனர்.

ஆல்காட் 1832ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்தின் ஆரஞ்சு நகரில் பிறந்தார். இளமையில் வேளாண்மை கற்றார். அதைப் பற்றி நூலும் எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, படைக்குப் பொருள் விற்பதில் நடந்த மோசடிகளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கர்னல் என்னும் பட்டம் அக்காலத்தில் வந்ததே. 1865இல் ஆபிரகாம் லிங்கன் கொலையுண்டபோது அதனை விசாரித்தவருள் இவரும் ஒருவர். பிறகு நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்தார். பொய்க் கணக்கைக் கண்டுபிடிப்பதில் பழகிய கண் அவருடையது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க.

அத்தகையவர் 1874ஆம் ஆண்டில் வெர்மாண்டு மாகாணத்தின் சிட்டெண்டன் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கே எட்டி என்னும் குடும்பத்துச் சகோதரர் இருவர் இரவுதோறும் இறந்தவர்களின் உருவங்களை வரவழைத்துக் காட்டுவதாகப் பேச்சு இருந்தது. ஆல்காட் வாரக்கணக்கில் அங்கேயே தங்கினார், அறையை அளந்தார், தோன்றிய உருவத்தைத் தராசிலேற்றியும் நிறுத்துப் பார்த்தார். நிறை ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாக இல்லை. கண்டவற்றைப் பத்திரிகைகளில் எழுதி, 1875இல் நூலாகவும் வெளியிட்டார். அவர் கண்டது உண்மையா, ஏமாற்றா என்று இன்றும் வாதிடுவோர் உளர். ஆனால் அந்நூலில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி ஒன்று உண்டு. அச்சகோதரர்கள் சிறுவயதில் மயக்கநிலையில் விழும்போது, அதனைப் பேயின் செயலென எண்ணிய தந்தை அவர்களைத் தெளியவைப்பதற்காக அடித்தார்; கொதிநீரை ஊற்றினார்; தலையில் நெருப்புத் தணலையும் வைத்தார். பின்னர் அவர்களை வேடிக்கை காட்டிப் பணம் சேர்ப்போரிடம் ஒப்படைத்தார். கட்டிக் கட்டித் தழும்பேறிய அவர்கள் கைகளை ஆல்காட் நேரில் கண்டார். ஆவி இருந்ததோ இல்லையோ, அப்பிள்ளைகளை வதைத்தவர் மனிதரே!

அவ்வூரில்தான் பிளாவட்ஸ்கி அம்மையார் அவருக்கு அறிமுகமானார். 1875 நவம்பரில் நியூயார்க்கில் பிரம்மஞான சபை தொடங்கிற்று. அம்மையார் ஆவி வரவழைக்கும் கூட்டங்களைக் கடுமையாக எச்சரித்தார். அங்கே வருவது நம்மைவிட்டுப் பிரிந்த அன்புள்ளம் அன்று. அது இறந்தோர் விட்டுச்சென்ற வெறுங்கூடு, அல்லது தாழ்ந்த ஆசைகளோடு அலையும் ஏதோ ஒன்று என்பது அவர் கொள்கை. தன் அறிவையும் விருப்பத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு வெறுமையாய் உட்காருபவன், வீட்டைத் திறந்துபோட்டு உறங்குபவனுக்கு ஒப்பானவன். எது நுழைந்தாலும் தடுக்கும் ஆற்றல் அவனுக்கு இராது. ஆல்காட் இதனை ஏற்றுக்கொண்டார்.

1879 பிப்ரவரியில் இருவரும் பம்பாய்க்கு வந்தனர். 1880 மே மாதம் 25ஆம் நாள் இலங்கையின் காலி நகரில் இருவரும் பஞ்சசீலம் ஏற்றனர். 1881இல் ஆல்காட் பௌத்த வினாவிடை என்னும் நூலை வெளியிட்டார்.

1882இல் கொழும்பை அடுத்த களனிப் பக்கத்தில் ஒரு கிணற்று நீர் நோய் தீர்ப்பதாகவும், அங்கே ஒரு கத்தோலிக்கப் புண்ணியத்தலம் எழப்போவதாகவும் பேச்சு எழுந்தது. அதிசயத்தின் பின்னால் எளிய பௌத்தர்கள் மதம் மாறிவிடுவரே என்று ஆல்காட் கவலையுற்றார். பிக்குகளுள் ஒருவர் முன்வந்து புத்தர் பெயரால் நோய் தீர்க்கவேண்டும் என்று தேரர்களிடம் எடுத்துரைத்தார். எவரும் முன்வரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், பல்லாண்டுகளாக ஒரு கை முற்றும் செயலற்று, ஒரு காலும் தளர்ந்திருந்த மனிதர் ஒருவர் காலியில் அவரிடம் வந்தார். ஆல்காட் அக்கையின்மேல் தம் கைகளைச் சிலமுறை வீசித் தடவி, நலமுண்டாகும் என்றார். அம்மனிதர் திரும்பி வந்து, கை அசைகிறதென்றார். சில நாளில் கையைச் சுழற்றவும் காலூன்றி நடக்கவும் தொடங்கினார்.

செய்தி காட்டுத்தீப்போற் பரவிற்று. விடியுமுன்பே வாசலில் கூட்டம். இலங்கையில் தொடங்கியது 1883இல் வங்காளத்துக்கும், பிறகு திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி முதலான நம் ஊர்களுக்கும் வந்தது. அவர் எவரிடமும் காசு வாங்கவில்லை. வந்தோர் ஆயிரக்கணக்கினர். அவருள் நலம்பெற்றோரும் உண்டு, பெறாதாரும் உண்டு. பாகல்பூரில் பார்வையிழந்த வழக்கறிஞர் ஒருவருக்குப் பார்வை மீண்டதென்றும், பிறகு அது மறைந்துபோயிற்றென்றும் ஆல்காட் மறைக்காமல் எழுதிவைத்தார்.

1883இன் பிற்பகுதியில் ஒருநாட் காலை, சென்னையில், அவருடைய இடக்கை ஆட்காட்டி விரல் உணர்ச்சியற்றுப் போயிருந்தது. முன்பு சிறிது நேரத்தில் ஆனதற்கு இப்போது நெடுநேரமும் பெருமுயற்சியும் வேண்டியிருந்தன. அக்டோபரில், இனி இதனை நிறுத்துக என்று தம் குருநாதரிடமிருந்து ஆணை வந்ததாக அவர் எழுதினார். அந்தக் குருநாதர் யார், ஆணை எங்கிருந்து வந்தது என்பவற்றில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். விரல் மரத்தது மெய். இன்னும் தொடர்ந்திருந்தால் தாமே வாதநோயாளியாகி இருப்போம் என்று அவர் உறுதியாக நம்பினார். கூட்டம் வாசலில் நிற்கும்போதே, புகழ் உச்சியில் இருக்கும்போதே, அவர் கையை மடக்கிக்கொண்டார்.

இங்கே நாம் ஆராயவேண்டியது ஒன்று உண்டு. கையிலிருந்து ஏதோ ஒரு சக்தி பாய்கிறது என்ற கொள்கையை ஐரோப்பாவில் பரப்பியவர் மெஸ்மர் என்னும் வைத்தியர். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்கிளினும் லவாய்சியரும் இருந்தனர். நோயாளியின் கண்ணைக் கட்டிவிட்டு அக்குழுவினர் சோதித்தனர். சக்தி செலுத்தப்படுகிறது என்று நம்பியபோது, செலுத்தாமலே அவர் உடல் நடுங்கிற்று. அவர் அறியாமல் செலுத்தியபோது ஒன்றும் நிகழவில்லை. ஆகவே வேலை செய்தது நம்பிக்கையே என்று அவர்கள் முடிவுரைத்தனர். உள்ளத்தின் கலக்கத்தால் செயலற்ற கை நம்பிக்கையால் அசைதல் கூடும். கட்டியும் காசமும் அவ்வாறு நீங்குவதில்லை. கைவைத்தியத்தை நம்பி மருந்தை நிறுத்தும் காசநோயாளி, வலி குறைந்ததென மகிழும் நாட்களிலேயே நோயை வளர்த்துக்கொள்கிறான்.

அப்படியாயின் ஆவிகள் பற்றிக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு விடை யாது? அமானுஷ்யர் உண்டென்று நம் சூத்திரங்கள் சொல்வதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றுக்குப் பகவான் காட்டிய வழி எது? காட்டில் தியானித்த பிக்குகளை மரங்களில் வாழ்ந்த தேவதைகள் அச்சுறுத்தியபோது, அவர் மந்திரக் கயிறு கொடுக்கவில்லை. மைத்திரி சூத்திரத்தைக் கொடுத்தார். அதே காட்டுக்குத் திரும்பிச் சென்று, அச்சுறுத்தியவற்றின் மீதே அன்பைச் செலுத்தச் சொன்னார். பேயோட்டலையும் மந்திர வைத்தியத்தையும் பிழைப்பாகக் கொள்வது பிக்குவுக்குத் தகாத தாழ்ந்த வித்தை என்று பிரம்மஜால சூத்திரத்தில் விலக்கினார். சந்தனப் பாத்திரத்துக்காக வானில் எழுந்து காட்டிய பிண்டோல பாரத்வாஜரைக் கண்டித்தார். அதே பகவான், வயிற்றுப்போக்கால் கிடந்த பிக்குவைத் தம் கையாலேயே கழுவித் துடைத்துப் படுக்கவைத்தார். கைவைப்பதில் குற்றமில்லை, எதற்காக வைக்கிறோம் என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

நோய் தீர்ப்பவனைப் பற்றிக்கொள்ளும் ஆவிகளுள் கொடியது எதுவென்று கேட்பின், யான் தீர்த்தேன் என்னும் எண்ணமே என்பேன். முதலில் அது புகழை உண்ணும். அடுத்துக் காசை உண்ணும். இறுதியில் அவனையே உண்ணும். நெசவாலையில் இழை அறும்போது இயந்திரத்தை நிறுத்திப் பார்ப்பவனே நல்ல தொழிலாளி; ஓடட்டும் என்று விடுபவன் பாவு முழுவதையும் கெடுப்பான். ஆல்காட் விரல் மரத்தபின் நிறுத்திப் பார்த்தார்.

அதிசயங்களை நம்பியதால் அவர் நெஞ்சு புண்பட்டதும் உண்டு. 1885இல் இலண்டன் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று, பிளாவட்ஸ்கி அம்மையார் காட்டிய அற்புதங்கள் ஏமாற்று என்றும், ஆல்காட் எளிதில் நம்பிவிடுபவர் என்றும் அறிக்கை வெளியிட்டது. மோசடிகளைக் கண்டுபிடித்த அதிகாரிக்கு இதனினும் கசப்பான சொல் வேறுண்டோ? அவர் சோர்ந்து படுத்துவிடவில்லை. இலங்கையில் வைசாகப் பௌர்ணமிக்கு அரசாங்க விடுமுறை கிடைக்கவும், பௌத்தக் கொடி உருவாகவும் துணைநின்றார். கொழும்பில் 1886இல் ஆனந்தா கல்லூரியாகப் பின்னர் வளர்ந்த பள்ளி தோன்றிற்று; தொடர்ந்து இலங்கையெங்கும் பௌத்தப் பள்ளிகள் எழுந்தன. அடையாற்றுப் பள்ளியைத் தொடர்ந்து சென்னையில் நம் குழந்தைகளுக்காக மேலும் சில பள்ளிகள் திறக்கப்பட்டன. 1907 பிப்ரவரி 17ஆம் நாள் அவர் அடையாற்றில் காலமானார். அவர் கைபட்டு நலம்பெற்றோர் அனைவரும் மறைந்துபோயினர். அவர் திறந்த பள்ளியில் எழுத்தறிந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்றும் வாழ்கின்றனர்.

அன்பர்களே! இவ்வரலாற்றினின்றும் நம் சங்கத்தார் கைக்கொள்ளத்தக்கவை சில. நோயுற்றவரை முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பரித்தம் ஓதுவதும் மைத்திரி செலுத்துவதும் அவர் படுக்கையருகே நடக்கட்டும். மருந்துக்குப் பதிலாக நடக்கவேண்டாம். நினைவை இழந்து மயங்கும் எந்தப் பயிற்சியிலும் உட்காராதீர்கள். நம் தியானம் விழிப்பேயன்றி மயக்கமன்று. யாருக்கும் கேளாத குரல் ஒருவருக்குக் கேட்குமாயின், உறக்கம் பல நாள் வாராதாயின், அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கட்டிவைத்து அடிக்கும் இடத்துக்கு அல்ல. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களைப் பற்றிக்கொண்டிருந்தது ஆவியன்று, இரும்பு.

ஆவியை நீக்கப் பணம் கேட்பவன் வாசலுக்கு வந்தால், அவனிடம் சினங்கொள்ளவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. அந்தப் பணத்துக்கு வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். அது கர்னல் ஆல்காட் செய்த பணியின் தொடர்ச்சியாகும்.